வாசகர் கேள்வி – பதில்: பழைய காரின் பெற்றோல் பம்பை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 1982ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா கொரோலா கே.ஈ.70 கார். சமதரையில் குறையின்றி ஓடும் இது, கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போது இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. பொனட்டைத் திறந்து சற்று ஆறவிட்டால் மறுபடியும் ஸ்டார்ட் ஆகிறது. பெற்றோல் பம்பு பழுதாகிவிட்டது என்று கராஜில் சொல்கிறார்கள். புதிய பம்பை வாங்கி நானே மாற்றலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: தாராளமாக மாற்றலாம். காபுரேட்டர் (பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பகுதி) உள்ள அந்தக் காலத்துக் கார்களின் பம்பு எஞ்சினின் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கும்; ஸ்பானர் பிடித்துப் பழகியவருக்கு அது அரைநாள் வேலைகூட இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள அடையாளங்களை வைத்துப் பார்த்தால், பம்பின் மீது இன்னும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஏற்றத்தில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பெற்றோல் தாங்கி பின்னால் இருப்பதால், கார் மேல்நோக்கி நிற்கும்போது பம்பு வழக்கத்தைவிடக் கூடுதலான உயரத்துக்குப் பெற்றோலை உறிஞ்ச வேண்டியிருக்கிறது. உறிஞ்சும் பம்புக்குத் துணை நிற்பது வளிமண்டல அழுத்தம். அதுவோ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் கடல்மட்டத்தில் உள்ளதன் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். அழுத்தம் குறைந்தால் பெற்றோல் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும். முதலாம், இரண்டாம் கியரில் மெதுவாக ஏறும் காரின் எஞ்சினோ நன்றாகச் சூடேறியிருக்கும். குழாய்க்குள் ஆவி அடைத்துக்கொண்டால் நல்ல பம்பாலும் பெற்றோலைத் தள்ள முடியாது. ஆறியதும் கார் தானாகச் சரியாவதும், பழைய சாரதிகள் பம்பின் மேல் ஈரத்துணி போடுவதும் இதனால்தான்.

ஆகவே அடுத்த முறை கார் நின்றவுடன் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அதன்பின் கார் ஓடுமானால், மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. செலவில்லாத பழுது அது. அடுத்துப் பில்டரைப் பாருங்கள். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது வெற்றுத் தாங்கியுடன் மாதக்கணக்கில் நின்ற பழைய கார்களில் உட்புறம் துருப்பிடித்து, அந்தத் துரு பில்டரில் வந்து சேர்வதை இப்போதும் காணலாம். தாங்கியிலிருந்து பம்பு வரையுள்ள ரப்பர் குழாயில் சிறு வெடிப்பு இருந்தால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. ஆனால் பெற்றோலுக்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் பம்பைச் சோதிக்கலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது, இக்னிஷன் கொயிலுக்கு வரும் வயரைக் கழற்றி அதன் முனையை மூடிக் கட்டிவிட்டு, காபுரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு போத்தலுக்குள் விட்டு, வேறொருவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். எஞ்சினின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பெற்றோல் விட்டுவிட்டுப் பலமாகப் பாய வேண்டும். வெறுமனே கசிந்தாலோ வராமலே போனாலோ பம்பை மாற்றுங்கள். அதோடு ஒயில் அளவுகோலையும் இழுத்து முகர்ந்து பாருங்கள். பம்புக்குள் இருக்கும் டயபிரம் என்ற சவ்வு கிழிந்தால் பெற்றோல் எஞ்சினுக்குள் இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். பெற்றோல் வாடை வீசினாலோ ஒயில் மட்டம் ஏறியிருந்தாலோ, பம்பையும் ஒயிலையும் மாற்றும் வரை காரை ஓட்டாதீர்கள்; ஐதான ஒயில் பெயரிங்குகளைத் தின்றுவிடும்.

இனி மாற்றும் முறை. மலைநாட்டில் சமதரையான முற்றம் கிடைப்பது அரிது என்றாலும், இந்த வேலைக்கு அதைத் தேடிப் பிடியுங்கள். முன்பக்கம் பள்ளத்தைப் பார்த்து நிற்கும் காரில் தாங்கி பம்பைவிட உயரத்தில் இருப்பதால், குழாயைக் கழற்றியதும் பெற்றோல் நிற்காமல் வழிந்துகொண்டே இருக்கும். சரிவைத் தவிர்க்க முடியாவிட்டால் முன்பக்கம் மேட்டைப் பார்க்க நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் வையுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவிப் பள்ளமான இடத்தில் தேங்கும். அருகில் விறகடுப்போ சாமி விளக்கோ எரிந்தால் அதுவே போதும், ஆகையால் குளிருக்குப் பயந்து கதவை மூடிக்கொண்டு வேலை செய்யாதீர்கள். பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றிவிட்டுத்தான் குழாய்களைத் தொட வேண்டும். உள்ளே வரும் குழாய் எது, வெளியே போகும் குழாய் எது என்று அடையாளமிட்டு, கழற்றியதும் தாங்கிப் பக்கத்துக் குழாயின் வாயைப் பொருத்தமான போல்ட் ஒன்றால் அடைத்துவிடுங்கள். சில பம்புகளில் தாங்கிக்குத் திரும்பும் மூன்றாவது குழாயும் இருக்கும்.

பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே தடித்த தகடு ஒன்றும் அதன் இருபுறமும் மெல்லிய கேஸ்கட்டுகளும் இருப்பதைக் காண்பீர்கள். 'எதற்கு இது?' என்று பலர் எறிந்துவிடும் பொருள் அது. எஞ்சினின் சூடு பம்புக்கு ஏறாமல் தடுப்பதும், பம்பிலிருந்து எஞ்சினுக்குள் நீண்டிருக்கும் கை எவ்வளவு தூரம் அசைய வேண்டும் என்பதை நிர்ணயிப்பதும் அந்தத் தகடுதான். பழையது எத்தனை தடிப்போ அத்தனை தடிப்பில் புதியதும் இருக்க வேண்டும். அது இல்லாமல் பூட்டிய காரை எடுத்துக்கொண்டு நீங்கள் ஹட்டன் ஏற்றத்துக்குப் போக வேண்டாம்.

புதிய பம்பின் கை, அதை அசைக்கும் கேம்ஷாப்ட் என்ற சுழலும் தண்டின் மேட்டோடு பொருந்தி அமர வேண்டும். பம்பு எஞ்சினிலிருந்து விலகித் தள்ளிக்கொண்டு நின்றால், போல்ட்டை இறுக்கி வலிந்து இழுக்காமல், எஞ்சினைக் கையால் கொஞ்சம் சுற்றுங்கள். மேடு விலகியதும் பம்பு தானாகவே ஒட்டி உட்காரும். இரண்டு போல்ட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ரப்பர் குழாய்களையும் கிளிப்புகளையும் புதிதாகப் போடுவது நல்லது. பெற்றோலுக்கென்றே செய்த குழாயைக் கேட்டு வாங்குங்கள், தண்ணீர்க் குழாய் சில வாரங்களில் ஊறிப் பழுதாகிவிடும். ஸ்டார்ட் செய்தவுடன் ஒருமுறையும், நன்றாகச் சூடேறிய பின் ஒருமுறையும் கசிவைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு மொரிஸ் மைனரில் சாவியைத் திருப்பினால் கேட்கும் 'டிக் டிக்' சத்தம் சில நாட்களில் கேட்பதில்லை, பம்பைத் தட்டினால் வேலை செய்கிறது. புதிதாக வாங்க வேண்டுமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: உடனே வேண்டாம். உங்களுடையது எஸ்.யூ. மின்பம்பு. அதன் மூடிக்குள் இருக்கும் தொடுமுனைகள் கருகியிருந்தால், தட்டினால்தான் அது வேலை செய்யும். முனைகளைத் துப்புரவு செய்து, பம்பின் எர்த் வயரையும் சுரண்டி இறுக்கிப் பாருங்கள். காபுரேட்டர் நிரம்பியதும் சத்தம் நிற்பது நல்ல அடையாளம். நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால், தாங்கி வெறுமையாக இருக்கிறது அல்லது உறிஞ்சும் பக்கம் காற்று இழுக்கிறது. தொடுமுனை இல்லாத எலெக்ட்ரோனிக் வகையை வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: இந்தக் கார்கள் பொசிற்றிவ் எர்த் முறையில் வந்தவை, பிற்காலத்தில் நெகற்றிவ் எர்த்துக்கு மாற்றப்பட்டவையும் உண்டு. உங்கள் காரில் பற்றரியின் எந்த முனை காரின் இரும்பு உடலோடு பூட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அதற்கு ஏற்றதையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பழைய நிசான் சனி காரில் எஞ்சின் பம்பைக் கழற்றிவிட்டு, இன்ஜெக்ஷன் காரின் மின்பம்பைப் போட்டால் ஏற்றத்தில் நன்றாக இழுக்கும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: இல்லை. காபுரேட்டருக்கு வேண்டியது சதுர அங்குலத்துக்கு மூன்று, நான்கு இறாத்தல் அழுத்தம் மாத்திரமே. இன்ஜெக்ஷன் பம்பு தருவது அதைப்போல் பத்து மடங்கு. காபுரேட்டர் நிரம்பியதும் பெற்றோல் வரவை அடைக்கும் மிதவையின் ஊசி அதைத் தாங்காது. பெற்றோல் பொங்கிச் சூடான எஞ்சின் மேல் வழியும். மின்பம்புதான் வேண்டுமென்றால், காபுரேட்டருக்கென்று செய்த குறைந்த அழுத்தப் பம்பைத் தாங்கிக்கு அருகே பொருத்தி, எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்படி ஒயில் அழுத்த சுவிட்ச் வழியாக வயர் இழுக்கச் சொல்லுங்கள். இந்த வயர் வேலையை மட்டும் ஓட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.