நனோ காபன் பில்டர் இருந்தால் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டாமா?

கேள்வி: எங்கள் வீடு மட்டக்களப்பு மாவட்டத்துப் பெரியகல்லாற்றில். மாரி வெள்ளம் வடிந்ததிலிருந்து கிணற்றுத் தண்ணீரைச் சிரட்டைக்கரி பில்டரில் வடித்து, கொதித்தாறிய பிறகுதான் குடிக்கிறோம். ‘நனோ காபன்’ பில்டர் விற்க வந்தவர், அது கிருமியைக் கொன்றுவிடும், இனிக் கொதிக்க வைக்கத் தேவையில்லை என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்குவது உங்கள் விருப்பம். கொதிக்க வைப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அவர் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. காபன் நனோக்குழாய்கள் (கண்ணுக்குத் தெரியாத மிக மெல்லிய காபன் குழாய்கள்) பட்ட ஈ.கோலை என்ற குடல் பற்றீரியாவின் மென்சவ்வு, அதாவது கலத்தைச் சுற்றியுள்ள மெல்லிய படலம், சிதைவதை 2007இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒட்சிசன் சேர்ந்த மெல்லிய காபன் தகடான கிராபீன் ஒட்சைட்டும் அப்படித்தான்: அதன் ஓரம் மென்சவ்வைக் கிழிக்கும், கலத்துக்குள் ஒட்சியேற்றப் பாதிப்பையும் (ஒட்சிசன் வினையால் வரும் சேதம்) உண்டாக்கும். காபன் புள்ளிகள் என்ற இன்னொரு வகை நுண்துகள், பெரும்பாலும் வெளிச்சம் பட்டால்தான் நன்றாக வேலை செய்யும். மூடிய பில்டருக்குள் வெளிச்சம் ஏது?

ஆனால் அந்தச் சோதனைகளில் துகளும் பற்றீரியாவும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் சேர்ந்தே இருக்கும். வீட்டு பில்டரில் தண்ணீர் அவ்வளவு நேரம் நிற்பதில்லை. இதைவிட முக்கியமானது நம்முடைய தண்ணீர். உப்பு கூடிய நீரில் இத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். வெள்ளத்தோடு வந்த அழுகல் கசிவும் அவற்றின் மேல் படியும். இரண்டுமே கொல்லும் திறனைக் குறைக்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணலில் வெட்டிய கிணற்றில் இரண்டும் இருக்கக்கூடியவை.

உங்கள் சிரட்டைக்கரி மணத்தையும் நிறத்தையும் எடுக்கும். உப்பை எடுக்காது, கிருமியைக் கொல்லாது. நெடுநாள் மாற்றாமல் விட்டால் பற்றீரியா அதிலேயே பெருகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்குக் குளோரின் இட்டிருந்தால், கரி அதையும் பிடித்துவிடும். வடித்த நீருக்குக் காவல் இருக்காது. அதனால்தான் நீங்கள் இப்போது செய்வது போல, முதலில் வடித்து, பிறகு கொதிக்க வைப்பதே சரியான ஒழுங்கு. நன்றாகக் குமிழி எழும்பி ஒரு நிமிடம் கொதித்தால் போதும். பற்றீரியாவும் வைரசும் செயலிழந்துவிடும். எரிவாயுச் செலவு பாரம்தான், தெரியும். ஆனால் மணல் நிலத்தில் மலசலகூடக் குழியின் கசிவு கிணற்றுக்கு விரைவாக வந்துவிடும். பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் அந்தப் பாரம் இதைவிடப் பெரிது.

அப்படியும் வாங்குவதென்றால், பல மாதம் பாவித்த பில்டரில் வடித்த நீரை ஈ.கோலைக்குப் பரிசோதித்த ஆய்வுகூட அறிக்கையைக் கேளுங்கள். துகள்கள் கழன்று குடிநீரில் கலக்கின்றனவா என்று பார்த்தார்களா என்றும் கேளுங்கள். வெள்ளி உலோகம் சேர்த்ததா என்பதையும் விசாரியுங்கள். சேர்த்திருந்தால் கிருமியைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் அந்த வெள்ளிதான், காபன் அல்ல. அறிக்கை காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.