பழைய பைக் வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

கேள்வி: என் மகன் கல்லூரிக்குப் போய்வரத் தினமும் 25 கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருக்கிறது. கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. அதற்குள் பழைய வண்டி வாங்குவதா, மேற்கொண்டு கடன் வாங்கிப் புதிய வண்டி எடுப்பதா?
– ஒரு தந்தை, திருநெல்வேலி

பதில்: ஆண்டுக்குக் கல்லூரி நாட்கள் 250 என்று வைத்துக்கொண்டால், மூன்றாண்டுப் படிப்பு முடியும்போது உங்கள் மகன் ஏறத்தாழ 19,000 கிலோமீட்டர் ஓட்டியிருப்பார். முறையாக ஆயில் மாற்றிப் பராமரிக்கப்பட்ட 100 அல்லது 125 சிசி எஞ்சினுக்கு இது பெரிய தூரமே அல்ல. எனவே கடனுக்கு வட்டி கட்டிப் புதிய வண்டி எடுப்பதைவிட, ஒரே உரிமையாளரிடம் இருந்த, நான்கைந்து ஆண்டு ஓடிய வண்டியை வாங்குவதே உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

எந்த ஆண்டு வண்டி என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான வண்டிகளில் முன், பின் பிரேக்குகள் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். அல்லது திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருக்க வேண்டும் என்பதும், 125 சிசிக்கு மேல் ஏ.பி.எஸ். இருக்க வேண்டும் என்பதும் விதியாயின. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 மாசு விதி வந்தபோது பெரும்பாலான பைக்குகளில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் போய், மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வந்தது. கார்புரேட்டர் வண்டியைத் தெருமுனை மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார் என்ற வசதியை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓட்டப்போகிறவர் புதிதாக ஓட்டிப் பழகும் இளைஞர் என்னும்போது, பிரேக் விதிக்குப் பிந்தைய வண்டியையே நான் தேர்ந்தெடுப்பேன்.

2018 செப்டம்பர் முதல் விற்கப்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு, பிறருக்கு நேரும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு ஐந்தாண்டுக்குச் சேர்த்தே எடுக்கப்பட்டது. அதனால் நீங்கள் பார்க்கும் வயதுடைய வண்டிகளில் பலவற்றுக்கு அந்தக் காப்பீடு முடிந்திருக்கும், அல்லது முடியும் தறுவாயில் இருக்கும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். மகனுக்கு 18 வயது நிறைந்து உரிமம் கிடைத்த பிறகே சாவியைக் கொடுங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயது நிறையாதவர் ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம்.

கேள்வி: ஆட்டோ கன்சல்டிங் கடையில் ஒரு வண்டியைப் பார்த்து வைத்திருக்கிறேன். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், மதுரை

பதில்: பலரும் முதலில் எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள், நான் முதலில் ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றைக் கேட்பேன். எஞ்சினில் கோளாறு இருந்தால் பணம் செலவழித்துச் சரிசெய்துவிடலாம், உரிமையில் கோளாறு இருந்தால் எவ்வளவு செலவழித்தும் தீராமல் போகலாம். வண்டி எண்ணை அரசின் எம்பரிவாகன் செயலியில் இட்டால் பதிவான நாள், காப்பீடு, புகைச்சான்று, கடன் நிலுவை ஆகியவை தெரியும். உரிமையாளர் பெயரின் சில எழுத்துகள் மறைக்கப்பட்டிருந்தாலும், ஆர்.சி.யில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க அதுவே போதும். இ-சலான் தளத்தில் அபராத நிலுவை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வண்டியில் பொறிக்கப்பட்டுள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து நீங்களே ஒப்பிடுங்கள். எண் இருக்குமிடம் மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தாலோ, சுரண்டியதுபோல் தெரிந்தாலோ பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். ஆர்.சி.யில் வங்கியின் அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், தவணை முழுவதும் கட்டியாயிற்று என்ற வாய்ச்சொல் போதாது; நிறுவனம் கொடுக்கும் தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்குவதற்கான, கையொப்பமிட்ட படிவம் 35-ம் கைக்கு வர வேண்டும். ஆர்.சி. தொலைந்துவிட்டது என்று சொன்னால், விற்பவரே நகல் ஆர்.சி. எடுத்துத் தரும் வரை காத்திருங்கள்.

அடுத்து வண்டி. காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது செல்லுங்கள். நீங்கள் போவதற்குள் யாராவது ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் அது கிளம்ப அடம்பிடிக்கிறது என்று சந்தேகிக்கலாம். சைலென்சரில் நீலநிறப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள்; பிஸ்டன், ரிங் வேலை காத்திருக்கிறது. சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை மெதுவாக இருபுறமும் திருப்புங்கள். நடுவில் எங்காவது தட்டி நின்றால், ஹேண்டில்பார் சுழல உதவும் பேரிங்கான கோன் செட் தேய்ந்திருக்கிறது. நேர்ச்சாலையில் மெதுவாக ஓட்டும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், எங்கோ விழுந்து ஃபோர்க் அல்லது சேஸிஸ் வளைந்திருக்கக்கூடும். அது அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம்.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் அந்த டயர் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. 2019-இல் வாங்கிய வண்டி 12,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லும்போது இரண்டு டயர்களும் 2023-இல் தயாரானவையாக இருந்தால், ஏன் அத்தனை சீக்கிரம் மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிரேக் பெடலும் ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் வழவழப்பாகத் தேய்ந்திருப்பதும் நிறைய ஓடியதற்கு அடையாளம். சென்னையும் சுற்றுப்புறமும் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கின. அப்பகுதிப் பதிவெண் கொண்ட வண்டி என்றால் சீட்டைக் கழற்றி அடியிலும், ஒயரிங் இணைப்புகளிலும், ஹெட்லைட் கூட்டுக்குள்ளும் சேறு படிந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

கடையைப் பற்றியும் ஒன்று. பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கடைக்காரர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அச்சான்றைக் கேட்டுப் பார்க்கத் தயங்காதீர்கள்.

கேள்வி: இரண்டாண்டுக்கு முன் என் பைக்கைத் தெரிந்தவர் ஒருவருக்கு விற்றேன். வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். இப்போது அபராதக் குறுஞ்செய்திகள் என் கைப்பேசிக்கு வருகின்றன. நான் என்ன செய்வது?
– வாசகர், சேலம்

பதில்: பணத்தையும் வண்டியையும் கைமாற்றிக்கொண்டதோடு விற்பனை முடிந்துவிட்டதாக நினைப்பது நம்மிடையே பரவலான பழக்கம். சட்டத்தின் பார்வையில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அபராதத்தோடு போனால் பரவாயில்லை. விற்கப்பட்டும் பெயர் மாற்றப்படாமல் இருந்த வாகனம் விபத்துக்குள்ளான வழக்கில், இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் உள்ள உரிமையாளரையே சாரும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. உங்களிடமிருந்து வாங்கியவர் இன்னொருவருக்கு விற்று, அவரும் வேறொருவருக்கு விற்றிருந்தாலும் இந்த நிலை மாறாது; அந்த வழக்கிலும் வண்டி அப்படித்தான் பல கை மாறியிருந்தது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாட்களுக்குள் படிவம் 29 மூலமும், வாங்குபவர் 30 நாட்களுக்குள் படிவம் 30 மூலமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் இப்போதாவது, விற்ற நாள், வாங்கியவர் பெயர், முகவரி, பணம் பெற்றதற்கான ஆதாரம் ஆகியவற்றோடு பதிவு செய்த அலுவலகத்துக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவித்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். வாங்கியவரைத் தேடிப்பிடித்துப் பெயர் மாற்றத்துக்கு ஒத்துழைக்கச் செய்வதே முழுத் தீர்வு. அவர் வண்டி இருக்குமிடத்தையே சொல்ல மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து வையுங்கள். பின்னாளில் வண்டி வேறு குற்றத்தில் சிக்கினால் அந்தப் புகார் உங்களுக்குத் துணை நிற்கும்.

இதைப் படிக்கும் வாங்குவோருக்கும் பங்கு உண்டு. காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற, வாங்கிய 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி திருடு போனாலும் சேதமடைந்தாலும் உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். முந்தைய உரிமையாளர் சேர்த்து வைத்திருந்த நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் காப்பீட்டுக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அவருக்கே உரியது, வண்டியோடு வராது. நான் எல்லாரிடமும் சொல்லும் யோசனை, விலையில் ஒரு பகுதியைப் பெயர் மாற்றம் முடிந்த பிறகே தருவதாக எழுதி ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள் என்பதுதான். நேர்மையாக விற்பவர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

கேள்வி: புதுச்சேரிப் பதிவெண் வண்டி ஒன்று பத்தாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: அந்தப் பத்தாயிரம் உங்கள் பையிலேயே தங்குமா என்று முதலில் கணக்கிடுங்கள். வெளி மாநில வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் புதுச்சேரி அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும், வண்டியின் வயதுக்கேற்ப ஆயுட்கால வரியும் இங்கே கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது முதல் உரிமையாளரின் பெயரிலுள்ள விவகாரம் என்பதால், அதை நம்பி விலை பேச வேண்டாம். தடையில்லாச் சான்றை விற்பவரே வாங்கித் தருவதாக இருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய பைக் 18,000 கிலோமீட்டர் ஓடியது என்றார்கள். மீட்டரைக் குறைத்துவிட்டார்கள் என்று மெக்கானிக் சொல்கிறார். எங்கே முறையிடுவது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மெக்கானிக்கின் சொல் மட்டும் போதாது; ஆவணம் வேண்டும். முந்தைய உரிமையாளர் வண்டியை, தயாரிப்பு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் விட்டிருந்தால், ஒவ்வொரு சர்வீஸின்போதும் மீட்டர் காட்டிய அளவு அங்கே பதிவாகியிருக்கும். அப்பதிவைக் கேட்டுப் பெறுங்கள். முன்பே ஒருமுறை 40,000 என்று பதிவாகியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. கடைக்காரருக்கு முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குச் செல்லுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியவற்றுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டாண்டுக்குள் தொடர வேண்டும்.

இதே வண்டியைக் கடையில் வாங்காமல் ஒரு தனிநபரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் இந்த வழி உங்களுக்குத் திறந்திருக்காது. வியாபாரமாக விற்பவர் மீதுதான் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர முடியும். சொந்த வண்டியை விற்றவர் ஏமாற்றினால் உரிமையியல் நீதிமன்றத்தையோ காவல் நிலையத்தையோதான் நாட வேண்டும். கடை கொடுத்த ரசீதில் கடையின் பெயரும் முத்திரையும் இருக்கின்றனவா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். சில கடைகள் இந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவே, முந்தைய உரிமையாளர் நேரடியாக உங்களுக்கு விற்றதுபோல் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்கின்றன. உங்களிடம் இருப்பதும் அப்படிப்பட்ட தாள்தான் என்றால், கடையின் கணக்குக்குப் பணம் அனுப்பிய வங்கி ஆதாரத்தையும், கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.