காலனி ஆட்சிக்கால நிர்வாக ஆவணங்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

எதற்காக எழுதினார்களோ, அதற்கு நம்பலாம். சென்னை மாகாணத்து வருவாய்க் கணக்குகள், எந்தத் தாலுகாவில் எவ்வளவு தீர்வை வசூலானது என்பதற்கு நல்ல சான்று. மேலிடம் சரிபார்த்ததும் அதைத்தானே. எப்படி வசூலானது என்று கேட்டால் வாய் திறக்காது.

வரி வசூலிக்கச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற விவகாரம் 1854-இல் லண்டன் நாடாளுமன்றத்தில் வெடித்த பிறகுதான் சென்னை மாகாணத்தில் சித்திரவதை விசாரணை ஆணையம் அமைந்தது. 1855-இல் வந்த அதன் அறிக்கையைப் படித்தால் வயிறு கலங்கும். விரல்களைக் கிட்டி என்ற இடுக்கிக் கட்டையில் வைத்து நெரித்திருக்கிறார்கள். குனியவைத்து, கழுத்தின் மேலும் கால்விரல்களின் அடியிலும் கயிறு செலுத்திக் கட்டியிருக்கிறார்கள். வழக்கமான கலெக்டர் கடிதங்களை மட்டும் படித்தவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

ஆனால் அந்த அறிக்கையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டது. பழியெல்லாம் கீழ்நிலை இந்தியச் சிப்பந்திகள் தலையில். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு நற்சான்று. விசாரித்த மூவரும் ஐரோப்பியர்கள் என்பதை மறக்க வேண்டாம். அதனால் ஆணையத்தின் முடிவுகளைவிட, அதனிடம் ரயத்துகள், அதாவது குடியானவர்கள், சொன்ன புகார்களையே நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். அவையும் மொழிபெயர்ப்பாளர், எழுத்தர் கைபட்டு வந்தவைதான்.