பேஜ்மேக்கரை விட்டால் எங்கே போவது?

(இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் பற்றியவை. திருச்சியில் 22 வருடம், கணினியில் பத்திரிகை, நோட்டீஸ் வடிவமைக்கும் டி.டி.பி. கடை நடத்தியவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன்.)

கேள்வி: என் கணினி 2015-இல் வாங்கியது, 4 ஜி.பி. ராம். விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டதால் மகன் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துவிட்டு பெங்களூருக்குக் கிளம்பிவிட்டான். நான் வைத்திருந்த 14 மென்பொருள்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் மாற்று என்ன?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: ஐயா, உங்கள் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, கடிதத்தின் கடைசிப் பத்தியைத்தான் இரண்டு முறை படித்தேன். ஓய்வூதியர் சங்கக் கூட்ட அறிக்கை, மாத வரவுசெலவு, பேத்தியின் படங்கள், இரவில் ஒரு பழைய கச்சேரி. உங்கள் வேலை இவ்வளவுதான். அவுட்லுக்கை ஒருநாளும் திறந்ததில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திறக்காத ஒன்றுக்கு மாற்று எதற்கு?

அறிக்கைக்கும் கணக்குக்கும் லிபரே ஆபீஸ் போதும். ஓபன் ஆபீஸிலிருந்து 2010-இல் பிரிந்து வந்தது. மின்ட் போடும்போதே கூடவே வந்துவிடும். செயலாளர் வேர்டு வைத்திருந்தால், சேமிக்கும்போது வேர்டு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். திருத்த வேண்டாத, படிக்க மட்டுமான அறிக்கை என்றால் பி.டி.எஃப். ஆக அனுப்பிவிடுங்கள்.

ஒரு தொல்லையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். லிபரே ஆபீஸ் ஆங்கில எழுத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு வேறோர் எழுத்துரு என்று தனித்தனிக் கணக்கு வைத்திருக்கும். ஆங்கிலத்துக்கு 12 புள்ளி வைத்துவிட்டு, தமிழ் மட்டும் ஏன் சின்னதாக நிற்கிறது என்று நான் ஒரு மாலை முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டேன். அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்ச் சிக்கலான எழுத்துகளுக்கான பெட்டியில் குறியிட்டு, தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை வைத்தால் படிக்க இதமாக இருக்கும்.

இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ். கச்சேரிக்கு வி.எல்.சி.; பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கியது, எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் பாடும். படங்களுக்கு மின்ட்டிலேயே பிக்ஸ் இருக்கிறது. வேறு எதையும் நிறுவாதீர்கள். காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்றை மாட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை மகன் ஊருக்கு வரும்போது மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடச் சொல்லுங்கள், 4 ஜி.பி. இயந்திரத்துக்கு அதுதான் பாரம் குறைந்தது.

கேள்வி: சிறிய டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், காதுகுத்து பிளெக்ஸ் என்று எல்லாம், பக்கம் கட்டும் பேஜ்மேக்கரிலும் படம் வரையும் கோரல் டிராவிலும்தான். தட்டச்சு பாமினி எழுத்துருவில். லினக்ஸுக்கு வந்தால் கடையை மூட வேண்டியிருக்குமா?
– வாசகி, புதுக்கோட்டை

பதில்: அம்மா, இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்தப் பகுதியையே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேஜ்மேக்கர் 1985-இல் பிறந்தது. கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-இல். எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் பொதுக் குறியீடான யூனிகோடு அதற்குத் தெரியாது. ஆனால் உங்களைக் கட்டிப்போட்டிருப்பது அது மட்டும் அல்ல, பாமினியும்தான். பாமினியில் இருப்பது உண்மையில் தமிழ் அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் போட்டது. 'தமிழ்' என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, பின்னால் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். 2014-இல் ஒரு கும்பாபிஷேக நோட்டீஸை அவசரத்தில் பி.டி.எஃப். ஆக்காமல் மூலக் கோப்பாகவே அச்சகத்துக்கு அனுப்பினேன். அவர்களிடம் அந்த எழுத்துரு இல்லை. 300 பிரதி அடித்த பிறகுதான் தொலைபேசி வந்தது. உபயதாரர் பெயர்கள் எல்லாம் ஜே, கே, பி! தவறு என்னுடையது, காகிதச் செலவும் என்னுடையது.

ஆகவே முதலில் விரலை மாற்றுங்கள், மென்பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மின்ட்டில் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவினால் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பு வரும், பழைய தட்டச்சுப் பொறி அமைப்பும் வரும். பாமினியில் ஓடிய விரல் இரண்டாவதில் அதிகம் தடுமாறாது. ஓரிரு விசை இடம் மாறியிருக்கலாம். வெளியே வருவது மட்டும் அசல் யூனிகோடு. கடைக்குப் புதிதாக ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தால் அவருக்குத் தமிழ்99-ஐக் கற்றுக்கொடுங்கள். தமிழக அரசு 1999-இல் ஏற்றது, பழகிவிட்டால் விசையழுத்தம் குறைவு.

பக்கம் கட்டுவதற்கு ஸ்கிரைபஸ். இங்கே பதிப்பு எண் முக்கியம். பழைய 1.4-இல் தமிழ் எழுத்துகள் சரியாகச் சேராது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். 2024-இல் வந்த 1.6-ஐ எடுங்கள். அச்சகத்துக்கான நான்கு வண்ண பி.டி.எஃப். அதிலிருந்தே கிடைக்கும். பிளெக்ஸுக்கும் பிள்ளையார் படத்துக்கும் இங்க்ஸ்கேப் நன்றாக இருக்கும். ஆனால் நான்கு வண்ணப் பிரிப்பில் அது பலவீனம்; படத்தை இங்க்ஸ்கேப்பில் வரைந்து, ஸ்கிரைபஸில் கொண்டுவந்து வைத்து, அங்கிருந்து வெளியே அனுப்புவதுதான் என் வழக்கம். கோரல் டிராவின் அத்தனை வசதியும் இதில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் கடை நடத்தியவர் அல்ல.

பழைய கோப்புகளா? லிபரே ஆபீஸ் டிரா 2015 முதல் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும். பெட்டிகள் கொஞ்சம் நகர்ந்திருக்கும், எழுத்து அதே ஜே, கே, பி ஆகவே இருக்கும். எழுத்தை மட்டும் எடுத்து ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கலாம். ஆனால் பத்து வருடக் கோப்புகளை உட்கார்ந்து மாற்றாதீர்கள். பழைய கணினியை இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு மூலையில் வைத்திருங்கள். 'போன வருஷம் அடித்ததையே தேதி மாற்றிக் கொடுங்கள்' என்று வரும் கோயில்காரருக்கு அது. புது வேலை எல்லாம் புதியதில். என் கடையில் இரண்டும் மூன்று வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

அதற்கும் முன்னால், மின்ட்டை பென் டிரைவில் போட்டு, நிறுவாமலேயே ஓடவிட்டு, உங்கள் பிரிண்டரில் ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள். சில மலிவு லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் முரண்டு பிடிக்கும். முகூர்த்த நாளுக்கு முந்தின இரவில் அது தெரியவரக் கூடாது.

கேள்வி: டேலி கணக்கு மென்பொருள் லினக்ஸில் ஓடுமா?
– ஆடிட்டர் அலுவலக உதவியாளர், ஈரோடு

பதில்: லினக்ஸுக்கென்று டேலி கிடையாது. குறுக்கு வழிகள் உண்டு, ஜி.எஸ்.டி. கடைசித் தேதியன்று அவற்றை நம்பி உட்காராதீர்கள். அந்த ஒரு கணினியில் விண்டோஸ் இருக்கட்டும். வீட்டுக் கணக்குக்கு க்னுகேஷ் நல்லது.

கேள்வி: என் தந்தை 1960-களில் நடத்திய சிற்றிதழின் பிரதிகள் உளுத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தட்டச்சு செய்யாமல் எழுத்தாக மாற்ற லினக்ஸில் வழி உண்டா?
– வாசகர், காரைக்குடி

பதில்: உண்டு. டெசராக்ட் என்ற எழுத்துணரி. எச்.பி. ஆய்வகத்தில் 1985-இல் தொடங்கியது. 2005-இல் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். கட்டளை அடிக்கப் பயமாக இருந்தால் ஜிஇமேஜ்ரீடர் என்ற முகப்பைப் போட்டு, தமிழ் மொழிப் பொதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கங்களை 300 டி.பி.ஐ.-க்குக் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாமல் வருடுங்கள். காகிதம் பழுத்திருந்தால் ஜிம்ப் என்ற படத்திருத்தியில் மஞ்சளை வெளுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இதழில் ஒரு சிக்கல் வரும். எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1978-இல். அதற்கு முந்தைய அச்சில் 'லை', 'னை', 'றா', 'ணோ' எல்லாம் பழைய சுழியோடு இருக்கும். இன்றைய எழுத்தில் பயின்ற மென்பொருள் அங்கெல்லாம் வேறெதையாவது படித்து வைக்கும். ஒரு பழைய இதழை நான் இப்படி மாற்றியபோது, தவறுகள் எல்லாம் இந்தச் சில எழுத்துகளிலேயே குவிந்திருந்தன. ஆகவே முதல் பத்துப் பக்கத்தைக் கையால் திருத்தி, எது எதுவாக மாறுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மீதியை லிபரே ஆபீஸின் 'தேடி மாற்று' கொண்டு ஓரளவு சரிசெய்யலாம். தந்தை கைப்பட எழுதிய குறிப்புகளை இதற்குக் கொடுக்காதீர்கள். அவற்றை நீங்கள்தான் உட்கார்ந்து அடிக்க வேண்டும்.