திறந்து கிடக்கும் ராஜா, பலி கொடுக்கும் காய்: செஸ் கேள்வி பதில்

காய் பலி கொடுத்து ராஜாவைப் பிடிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பலகை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காய்களை நகர்த்தியபடியே படியுங்கள். கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசையைக் குறிக்கும் (வெள்ளையின் இடப்பக்கம் ஏ முதல் எச் வரை), எண் வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணும் வரிசையைக் குறிக்கும்.

கேள்வி: எதிராளி ராஜாவுக்கு முன்னால் ஒரு சிப்பாய் நகர்ந்திருந்தாலே பலி கொடுக்க வழி தேட ஆரம்பித்துவிடுகிறேன். பாதி நேரம் ஒன்றும் கிடைப்பதில்லை. எப்போது தேடுவது?

சிப்பாய் நகர்ந்திருப்பது மட்டும் போதாது. ராஜா இருக்கும் பக்கத்துக்கு இரண்டே நகர்வில் வந்து சேரக்கூடிய உங்கள் காய்கள் எத்தனை, அவருடைய காய்கள் எத்தனை என்று எண்ணுங்கள். உங்களுடையது இரண்டாவது கூடுதலாக இருந்தால் உட்கார்ந்து தேடலாம்.

2013-இல் நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீ போட்டியில் அரோனியனுக்கு எதிராக நம் ஆனந்த் கருப்புக் காயில் ஆடிய ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். அரோனியனின் குதிரை ஜி5 போய், எச்7 சிப்பாயைத் தின்று, கடைசியில் எஃப்8 யானையையும் தின்றது. கணக்குக்கு லாபம்தான். ஆனால் ராஜாவைக் காக்க வேண்டிய குதிரை எதிராளியின் கடைசி வரிசையில் நிற்கிறது. வெள்ளையின் சி1 பிஷப்பும் ஏ1 யானையும் கடைசி வரை இடத்தை விட்டு அசையவில்லை. ஆனந்துக்கோ இரண்டு பிஷப், இரண்டு குதிரை, ராணி என ஐந்து காய்கள் ராஜாவைப் பார்த்து நிற்கின்றன.

15-ஆவது நகர்வில் பிஷப்பை சி5-இல் சிப்பாய் வாயில் வைத்தார். அடுத்த நகர்வில் குதிரையை இ5-இல் இன்னொரு சிப்பாய் வாயில் வைத்தார். குதிரையை வெட்டினால்? ராணி டி4 சிப்பாயை எடுத்து செக். ராஜா எச்1 போனால் ராணி ஜி1-இல் போய் விழும். சி5 பிஷப்பின் காவல் இருப்பதால் ராஜா அதைத் தொட முடியாது, யானைதான் வெட்ட வேண்டும். யானை நகர்ந்ததும் குதிரை எஃப்2-இல் மேட், அதாவது ராஜா தப்பவே முடியாத செக். அரோனியன் அந்தக் குதிரையைத் தொடவில்லை. ஆனாலும் 23 நகர்வில் ஆட்டம் முடிந்தது. பலகையில் இதை ஆடிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

கேள்வி: எட்வர்ட் லாஸ்கர் ராணியைப் பலி கொடுத்து, ராஜாவைத் தன் பக்கம் வரை இழுத்து வந்து மேட் கொடுத்த ஆட்டம் பார்த்தேன். அவ்வளவு தூரம் முன்கூட்டியே எப்படிப் பார்க்க முடிகிறது, அண்ணா?

1912, லண்டன், எதிராளி ஜார்ஜ் தாமஸ். உலக சாம்பியன் இமானுவேல் லாஸ்கர் வேறு, இவர் வேறு, பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

தூரம்தான் அதிகம், கிளைகள் மிகக் குறைவு. ராணி எச்7 சிப்பாயை எடுக்கிறது, ராஜா வெட்டியே ஆக வேண்டும். பிறகு இ4 குதிரை எஃப்6-ஐ வெட்டும்போது குதிரையும் டி3 பிஷப்பும் சேர்ந்து இரட்டைச் செக். இரட்டைச் செக்கில் குறுக்கே காய் வைக்க முடியாது, ராஜா நகர்ந்தே தீர வேண்டும். எச்8 போனால் இன்னொரு குதிரை ஜி6-இல் மேட். ஆகவே எச்6. அங்கிருந்து ஜி5, எஃப்4, எஃப்3, ஜி2, ஜி1 என்று ராஜா நடந்தே போகிறது. 18-ஆவது நகர்வில் வெள்ளை ராஜா டி2-க்கு ஒதுங்க, ஏ1 யானைக்கு வழி திறந்து மேட். அந்த இடத்தில் ராணிப் பக்கக் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது) போட்டிருந்தாலும் மேட்தான்!

இதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பெரும்பாலும் "அடுத்த செக் எது?" என்று தேடுகிறோம். தேட வேண்டியது "ராஜாவுக்கு இப்போது எந்தக் கட்டம் மிச்சம்?" என்பதை. மிச்சம் ஒரே கட்டம் என்றால் எட்டு நகர்வு வரை ஒரே கோடாகப் பார்க்கலாம். மூன்று கட்டம் இருந்தால் மூன்றாவது நகர்விலேயே 27 வழி ஆகிவிடும்.

கேள்வி: எச்7-இல் பிஷப் பலி கொடுப்பது எனக்கு மட்டும் ஏன் தோற்கிறது?

உங்களுக்கு மட்டும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியர் கிரேக்கோ காட்டிய வழி இது: பிஷப் எச்7-ஐ வெட்டிச் செக், ராஜா வெட்டியதும் குதிரை ஜி5-இல் செக், அப்புறம் ராணி எச்5. பார்க்க எளிது, அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு ஆடிவிடுகிறோம்.

குதிரை செக் வைத்ததும் ராஜா ஜி8-க்குத் திரும்பினால் ராணி எச்5 வந்து எச்7-இல் மேட் மிரட்டல். அப்போது கருப்பு எஃப்6-இல் குதிரையையோ, எச்7-ஐக் காக்கும் மூலைவிட்டத்தில் பிஷப்பையோ கொண்டுவர முடிந்தால் கதை முடிந்தது. உங்கள் சிப்பாய் இ5-இல் இருந்தால் எஃப்6 கட்டம் அவர்களுக்குக் கிடைக்காது. அதனால்தான் அந்தச் சிப்பாய்க்கு அவ்வளவு மதிப்பு. ராஜா எச்6 போனால் உங்கள் சி1 பிஷப்புக்கு வழி திறந்திருக்க வேண்டும். கருப்பு இ7 பிஷப்பால் ஜி5 குதிரையை வெட்ட முடியுமா என்பதையும் பாருங்கள்; அப்படியானால் உங்கள் சிப்பாய் எச்4-இலும் யானை எச்1-இலும் இருந்தால்தான் திருப்பி வெட்டி எச் ஃபைலை (எச் நெடுவரிசையை) திறக்க முடியும்.

மிகவும் சிக்கலானது ராஜா ஜி6-க்கு முன்னேறி வருவது. பல வருடங்களுக்கு முன் ஒரு போட்டியின் கடைசிச் சுற்றில் நான் இந்தப் பலியைக் கொடுத்தேன். ஜி8, எச்6 இரண்டையும் முழுக்கக் கணக்குப் போட்டிருந்தேன். "ராஜா முன்னால் வருமா என்ன" என்று ஜி6-ஐத் தொடவே இல்லை. எதிராளி பத்து நிமிடம் யோசித்து அங்கேதான் வந்தார். ஒரு காய் குறைவாகவே மீதி ஆட்டத்தை ஆடித் தோற்றேன். இப்போது எனக்கு ஒரு பழக்கம்: ஜி6-ஐத்தான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: செக் எல்லாம் தீர்ந்துபோய் ராஜா தப்பிவிடுகிறது. இடையில் எதை விடுகிறேன்?

செக் இல்லாத நகர்வை. 1889-இல் ஆம்ஸ்டர்டாமில் பாவரை வென்ற ஆட்டத்தில், 20 வயது இமானுவேல் லாஸ்கர் இரண்டு பிஷப்புகளையும் எச்7, ஜி7 என்று அடுத்தடுத்துப் பலி கொடுத்தார். ராணியால் ஜி4-இல் ஒரு செக். அதற்குப் பிறகு செக் இல்லை. அமைதியாக யானையை எஃப்3-க்குத் தூக்கினார், அடுத்து எச்3-இல் மேட். பாவர் தன் ராணியைக் கொடுத்துத்தான் அதைத் தடுத்தார்.

ஆனால் அப்போதும் பாவரிடம் இரண்டு யானை, இரண்டு பிஷப் இருந்தன. ஒரு ராணிக்கும் ஒரு யானைக்கும் எதிராக அவ்வளவு காய் இருந்தால் ஆட்டம் இன்னும் இழுக்கும். லாஸ்கர் ராணியை டி7-இல் வைத்தார், இரண்டு பிஷப்பும் ஒரே அடியில் மாட்டிக்கொண்டன. அந்த டி7 நகர்வு எட்டு நகர்வுக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் இந்தப் பலிகளுக்கு அர்த்தம். ஆகவே வரிசையின் கடைசியில் நின்று காய்களை எண்ணாமல் முதல் காயைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஆப்பில் புதிர்களை மளமளவென்று போடுகிறேன். போட்டியில் ஒன்றும் கண்ணில் படுவதில்லை.

புதிரில் "இங்கே ஏதோ இருக்கிறது" என்று முன்பே சொல்லிவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று போதும். நிஜப் பலகையில் வைத்து, காயைத் தொடாமல், எதிராளியின் எல்லாப் பதிலையும் தாளில் எழுதிய பிறகு விடையைப் பாருங்கள்.

கேள்வி: எதிராளி பலி கொடுத்தால் வெட்டியே ஆக வேண்டுமா, சார்?

இல்லவே இல்லை. 1999-இல் அதே வைக் ஆன் ஜீயில் காஸ்பரோவ் டி4-இல் யானையைக் கொடுத்தபோது டோபலோவ் வெட்டினார். அப்புறம் அவருடைய ராஜா வெள்ளையின் முதல் வரிசை வரை துரத்தப்பட்டது. வெட்டாமல் ராஜாவை பி6-இல் வைத்திருந்தால் தாங்கியிருக்கலாம். ஒரு பலி வந்தால் வெட்டாத நகர்வுகளுக்கு முதலில் ஒரு நிமிடம் கொடுங்கள்.

கேள்வி: என் ஆட்டத்தில் வந்த நிலை. வெள்ளை: ராஜா ஜி1, ராணி எச்5, யானை டி3, குதிரை இ7, சிப்பாய்கள் எஃப்2, ஜி2, எச்2. கருப்பு: ராஜா எச்8, ராணி பி2, யானை எஃப்8, சிப்பாய்கள் ஜி7, எச்7. குதிரையை ஜி6-இல் வைத்துச் செக் சொல்லி, பிறகு யானையை வெட்டினேன். மேட் இருந்தது என்கிறான் நண்பன். எங்கே?

உங்கள் நகர்வும் நல்லதுதான் தம்பி, எச்7 சிப்பாய் ராணியால் கட்டுண்டதை (நகர்ந்தால் தன் ராஜாவுக்கே செக் விழும்) சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். ஆனால் நண்பர் சொல்வது உண்மை. ராஜாவின் கட்டங்களை எண்ணுங்கள்: ஜி8-ஐயும் ஜி6-ஐயும் உங்கள் இ7 குதிரை பிடித்துவைத்திருக்கிறது, ஜி7-இல் அவருடைய சிப்பாயே அடைத்து நிற்கிறது. மிச்சம் எச் ஃபைல் மட்டும். அதை அடைக்க உங்கள் யானை டி3-இல் காத்திருக்கிறது, குறுக்கே இருப்பது எச்7 சிப்பாய் ஒன்றுதான். கருப்பு ராணியோ பி2-இல், உதவிக்கு வர முடியாத தூரத்தில்.

ராணியால் எச்7-ஐ வெட்டுங்கள், ராஜா வெட்டும். யானை எச்3, மேட். அனஸ்தாசியா மேட் என்று இதற்குப் பெயர்.