நாயின் பங்கைக் குழம்பில் போடுமுன் எடுத்து வையுங்கள்

ஈசூன் வாசகி: அக்கா, சாம்பாரில் வெந்த கேரட்டைக் கழுவி எங்கள் ஷிட்சூ நாய்க்குத் தருகிறேன். காரம் போய்விடும் அல்லவா?

காரம் போகலாம் அம்மா, வெங்காயம் போகாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையில் கொண்டுபோய் விடும். வேகவைத்தாலும் வறுத்தாலும் பொடித்தாலும் அந்த நஞ்சு அழிவதில்லை. சாம்பாரில் கரைந்து கேரட்டுக்குள்ளும் ஊறியிருக்கும். தின்ற வெங்காயம் நாயின் எடையில் 0.5 விழுக்காட்டைத் தாண்டினாலே ஆபத்து. 5 கிலோ ஷிட்சூவுக்கு அது 25 கிராம், அதாவது நான்கைந்து சின்ன வெங்காயம். அதற்குக் குறைவாக அடிக்கடி தருவதும் கெடுதல்தான். தின்ற அன்றைக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, அதுதான் வம்பு. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் பழுப்பாகும், நாலடி நடந்தால் மூச்சிரைக்கும். அப்போது போன வாரச் சாம்பார் யாருக்கு நினைவிருக்கும்? காய் நறுக்கும்போதே அதன் பங்கைத் தனியே எடுத்து, உப்பில்லாமல் வேகவைத்துவிடுங்கள்.

தெம்பனிஸ் வாசகர்: தேக்கா சந்தையில் நாய்க்கென்று என்ன வாங்கலாம்?

தனியாக எதுவும் வேண்டாம். உங்கள் பையில் இருக்கும் பீன்ஸ், பறங்கிக்காய், வெள்ளரி, வெண்டைக்காய் போதும். புரோக்கோலி கொஞ்சமாக; மிஞ்சினால் வாயு, மூடிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் தண்டனை உங்களுக்குத்தான்! பசலைக்கீரையில் கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட் உப்பு அதிகம், சிறுநீர்க்கல் வந்த நாய்க்குத் தர வேண்டாம். மக்காச்சோள முத்து சரி, முத்து உதிர்த்த நடுத்தண்டு கூடாது. குடலை அடைத்துக்கொண்டால் அறுவைச் சிகிச்சைதான்.

உட்லண்ட்ஸ் வாசகி: பச்சைக் கேரட் தந்தால் துண்டு துண்டாக அப்படியே வெளியே வருகிறதே?

நாய் மென்று தின்பதைவிட விழுங்குவதுதான் அதிகம். துருவியோ வேகவைத்தோ கொடுங்கள். நீளமாக அப்படியே தந்தால் தொண்டையிலும் சிக்கும்.

செங்காங் வாசகர்: எங்கள் நாய் குண்டாகிவிட்டது. நாங்களும் சைவம். முழுக்கக் காய்கறிக்கு மாற்றிவிடலாமா?

கூடாது ஐயா. காய் தின்பண்டம் மட்டும்தான். தின்பண்டம் எல்லாம் சேர்ந்து ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பிஸ்கட்டை நிறுத்தி அந்த இடத்தில் வெள்ளரி கொடுங்கள். 100 கிராமில் ஏறக்குறைய 15 கலோரிதான். நம் ஊர் வெயிலில் நடந்து வந்த நாய்க்குக் குளுகுளு வெள்ளரி பிடிக்கவும் செய்யும்.

பீஷான் வாசகி: பாயசத்துத் திராட்சை ஒன்றிரண்டு?

ஒன்றுகூட வேண்டாம். திராட்சை சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும். தின்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.