சின்ன யூனிட்ல சுற்றுச்சூழலுக்கு ஏத்த மாதிரி வேலை பண்றது கட்டுப்படியாகுமா?

தாராளமா கட்டுப்படியாகும், ஆனா எங்க ஆரம்பிக்கறீங்கங்கறது முக்கியம். நிறைய பேர் நேரா சோலார் கொட்டேஷன் வாங்கப் போயிடறாங்க. நான் அத கடைசில வைங்கன்னு தான் சொல்லுவேன், ஏன்னா இப்ப வீணா போற கரண்ட்ட நிறுத்தாம பேனல் போட்டா அந்த வீணுக்கும் சேத்து தான் பேனல் வாங்குவீங்க.

எங்களோடது சென்னை அம்பத்தூர் எஸ்டேட்ல சிஎன்சி ஜாப் ஒர்க், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டற மெஷின்ல மத்தவங்க ஆர்டருக்கு உலோக பாகம் வெட்டிக் குடுக்கறது. என்ன மாதிரி ஆளுங்க மொதல்ல பாக்க வேண்டியது கம்ப்ரஸர், மெஷினுக்கெல்லாம் காத்த அழுத்தி அனுப்பறது. மதியம் சாப்பாட்டு நேரத்துல எல்லா மெஷினையும் ஆஃப் பண்ணிட்டு கம்ப்ரஸர மட்டும் ஓட விட்டு பாருங்க, யாருமே காத்து எடுக்காதப்ப அது அடிக்கடி லோடு ஆகுதுன்னா (திரும்பத் திரும்ப காத்து அடைக்க ஆரம்பிக்குதுன்னா) அவ்வளவும் லீக் தான். சோப்புத் தண்ணிய எடுத்துக்கிட்டு ஹோஸ், பிட்டிங், எஃப்ஆர்எல் (காத்த வடிகட்டி பிரஷர சரி பண்ற செட்)னு ஒவ்வொண்ணா தடவிட்டே போனா தெரிஞ்சிடும். 7 பார் பிரஷர்ல ஒரு 3 எம்எம் ஓட்டை கிட்டத்தட்ட 3 கிலோவாட் தின்னுடும், ரெண்டு ஷிப்ட் ஓடினா ஒரு நாளைக்கே 50 யூனிட் பக்கம் வருது!! அப்புறம் 7 பார்ல வச்சிருக்கறத 6ல வச்சு வேலை நடக்குதான்னு பாருங்க, 1 பார் கொறச்சாலே கம்ப்ரஸர் இழுக்கற கரண்ட்ல 6, 7 சதவீதம் மிச்சம்.

அடுத்தது கூலண்ட், வெட்டும்போது சூடு ஏறாம இருக்க ஊத்தற திரவம். மேல மிதக்கற ஆயிலால தான் பாக்டீரியா வளந்து திங்கக்கிழமை காலைல ஷெட்டே நாறும், பசங்களுக்கு கையெல்லாம் அரிக்கும். அந்த ஆயில வழிச்சு எடுக்கற பெல்ட் ஸ்கிம்மர் ஒண்ணு போட்டு, ரிஃப்ராக்டோமீட்டர்ங்கற சின்ன கருவில தண்ணில கூலண்ட் எவ்வளவு கலந்திருக்குன்னு பாத்துக்கிட்டா அதே கூலண்ட் ரொம்ப நாள் வரும். பழைய ஆயிலயும் கூலண்ட்டயும் தயவுசெஞ்சு கால்வாய்ல ஊத்தாதீங்க. இங்கேருந்து மழைநீர் கால்வாய்ல போறது கொரட்டூர் ஏரிக்குத் தான் போய் சேருது, அந்த ஏரிக்காக அங்க உள்ள ஜனங்க பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போக வேண்டியதாயிடுச்சு, நம்ம பக்கத்து ஊர்க்காரங்க தானே அவங்க? யூஸ்டு ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட அனுமதி இருக்கற ரீசைக்ளர்கிட்ட மட்டும் குடுத்து மேனிஃபெஸ்ட் (கழிவு யார்கிட்ட போச்சுங்கற ரசீது) வாங்கி வைங்க.

மோட்டார் எரிஞ்சா எத்தன தடவ தான் ரீவைண்டிங் பண்றது, அடுத்த தடவ கரண்ட் கம்மியா இழுக்கற ஐஇ3 ரக மோட்டாரா வாங்கிடுங்க.

உத்யம் பதிவு (சின்ன தொழிலுக்கான அரசு பதிவு) இருந்தா மத்திய அரசோட இசட்இடி சர்டிஃபிகேட்டுக்கு அப்ளை பண்ணுங்க, குறை இல்லாம, சுற்றுச்சூழல கெடுக்காம தயாரிக்கறதுக்கு குடுக்கறது. அதோட செலவுல மைக்ரோவுக்கு 80 சதவீதம், ஸ்மாலுக்கு 60, மீடியத்துக்கு 50 மானியம் உண்டு. அதுல ஆரம்ப நிலையான ப்ரான்ஸ்ல (வெண்கலம்) ஆரம்பிச்சா போதும்.

ஆனா ஒண்ணு, உங்களோடது பிளேட்டிங் (உலோக முலாம் பூசறது) அல்லது டையிங் (துணிக்கு சாயம் போடறது) யூனிட்னா இந்த வரிசை பொருந்தாது. அங்க மொத வேலையே கழிவுநீர் தான், 2011ல திருப்பூர் சாயப்பட்டறைங்கள மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போட்டதும் அதுக்காகத் தான்.